சும்மா ஒரு நடை

ஜெலுத்தோங், பினாங்கு.
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி.

என் ஆசை வசந்திக்கு,

உன் சரசு எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல்னுதான் ஆரம்பிக்கணும், ஆனா நலம்னு எழுத ரெண்டு முட்டியும் சம்மதிக்க மாட்டேங்குது. தைலம் தேய்ச்சு, காலை நாற்காலி மேல நீட்டிப் போட்டு, மடியில ஒரு தலகாணியும் அதுமேல இந்த நோட்டுமா உக்காந்திருக்கேன். போன்ல பேசியிருக்கலாமேன்னு கேப்பே. பேசலாம்டி, ஆனா நீ குறுக்கே குறுக்கே பேசுவே, நான் விட்ட இடத்தை மறந்துடுவேன், கடைசியில பேச்சு உன் சம்பந்தி வீட்டுக் கதையில போய் முடியும். இது நான் ஒரே மூச்சா சொல்லி நீ வாயை மூடிக்கிட்டுக் கேக்கவேண்டிய சேதி.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் ஊர்க்கதை. ஜெலுத்தோங் ரோட்டு நெரிசல் நீ இருந்த காலத்துக்கு இப்ப ரொம்ப மோசம், காலையில பசாருக்குப் போக ரோட்டைத் தாண்டறதுக்குள்ள மோட்டார்காரப் பையன்களுக்கு ஒரு முழு அர்ச்சனையே பண்ணி முடிச்சிடுவேன். தேங்காய் விலையைக் கேட்டா தலை சுத்துது. தைப்பூசத்துல வெள்ளி ரதம் வர்ற வழியில உடைச்சுக் கொட்டின காய்களைப் பார்த்து வயிறெரிஞ்சேன், முருகன் மன்னிப்பான். கடலோரக் குப்பைமேட்டுப் பக்கமிருந்து காத்து திரும்பற நாள்ல துணி காயப்போட மனசே வராது. 2022 ஜூன்ல அது தீப்பிடிச்சு எரிஞ்சப்ப கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கிட்டுக் கிடந்தோம்னு அப்பவே உனக்குப் புலம்பினேனே. பக்கத்து வீட்டு ஆன்ட்டியோட சின்னவளுக்கு ஒருவழியா மாப்பிள்ளை அமைஞ்சாச்சு, ஈப்போ பையன், கொஞ்சம் குள்ளம், ஆனா நல்ல குணமாம். பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே நாலு இட்டிலி கேட்டு வாங்கிச் சாப்பிட்டானாம், அதனால எனக்கும் அவனைப் பிடிச்சுப்போச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நேத்து நான் கொடிமலைக்குப் போனேன், ரயில்ல இல்லை, கால்நடையா, அதுவும் தன்னந்தனியா.

என்ன வேண்டுதல், யாருக்கு என்ன ஆச்சுன்னு நீ இப்ப நெஞ்சுல கை வெச்சிருப்பே, எனக்குத் தெரியும். ஒரு வேண்டுதலும் இல்லைடி. சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டரும் சொல்லலை, சொன்னாலும் நான் எந்தக் காலத்துல கேட்டேன். பேரனுக்குப் பரீட்சையும் இல்லை. சும்மா போனேன். இந்த ‘சும்மா’வைச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு பெரிய கடுதாசி.

மலைன்னதும் சிரிக்காதே. இமயமலைக்கு முன்னாடி இது எறும்புப் புத்துதான், ஒத்துக்கறேன். ஆனா இதோட வெஸ்டர்ன் ஹில் உச்சி 833 மீட்டர், உங்க சிங்கப்பூர்ல பெருசா பேசிக்கிறீங்களே புக்கித் தீமா, அது 163 மீட்டர், அதனால நீ வாயைத் திறக்கவே கூடாது. சபாவுல கினபாலு இருக்கு, 4,095 மீட்டர், ஆனா அங்க வழிகாட்டி இல்லாம ஒரு அடி ஏற விடமாட்டாங்க. நேப்பாளத்துலயும் 2023 ஏப்ரல்லேருந்து தனியா நடக்க வர்ற வெளிநாட்டுக்காரங்க வழிகாட்டி வெச்சுக்கணும்னு சட்டம் போட்டுட்டாங்க. ஆக, கூட ஒருத்தரும் இல்லாம ஒரு பொம்பளை காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் மலையில நடக்கணும்னா, கடவுள் புண்ணியத்துல நம்ம வீட்டுக்குப் பின்னாடியே ஒண்ணு இருக்கு. பசார்ல மீன் வாங்கிட்டுத் திரும்பும்போதெல்லாம் மேகத்தைத் தலையில போட்டுக்கிட்டு நிக்குதே, அறுபது வருஷமா பார்க்கிறேன், ஒரு தடவையாவது அடியிலேருந்து நுனிவரைக்கும் நடந்ததுண்டா?

வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை. பசாருக்குப் போயிட்டு அப்படியே கோயிலுக்குப் போறேன்னு சொன்னேன், அதுல பாதி நிஜம்தான், மலை மேல கோயில் இருக்கே. மருமக என் போன்ல என்னத்தையோ போட்டு வெச்சிருக்கா, நான் எங்க இருக்கேன்னு அவளுக்குப் புள்ளி புள்ளியாத் தெரியுமாம். வயசான காலத்துல பாதுகாப்புக்காம். நம்ம அம்மா காலத்துல நாலு வீட்டு ஜன்னல் செஞ்ச வேலையை இப்ப ஒரு போன் செய்யுது, வேற ஒண்ணுமில்லை.

விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி, முனையில மலாய்க்கார மக்சிக்கிட்ட நாசி லெமாக் ரெண்டு பொட்டலம் வாங்கிக்கிட்டு, கிராப்ல ஏறினேன். ஓட்டிக்கிட்டு வந்தவர் சீன அங்கிள், நம்ம வயசுதான் இருக்கும், கண்ணாடியில பார்த்துப் பார்த்து, கடைசியில பொறுக்கமாட்டாம, “சோராங் சாஜாகா?”ன்னு கேட்டுட்டார். ஒருத்திதானா, துணைக்கு ஆள் இல்லையான்னு. இந்தக் கேள்வியை எண்ணிக்கிட்டே வா வசந்தி, நாள் முழுக்க இதுதான்.

தண்ணிமலைக் கோயிலைத் தாண்டித்தான் வண்டி போச்சு. 2012ல கும்பாபிஷேகம் ஆச்சே, 513 படி, கீழேயிருந்து கும்பிட்டுக்கிட்டேன். பொண்ணுங்களா இருந்தப்ப நீயும் நானும் தைப்பூசத்துக்கு ராத்திரியெல்லாம் நடப்போமே, பந்தல் பந்தலா மோர் குடிச்சுக்கிட்டு, யார் காவடி பெருசுன்னு சண்டை போட்டுக்கிட்டு. அன்னைக்கு எவ்வளவு தூரம் நடந்தாலும் நம்மை ஒரு ஆள் ஏன்னு கேக்கலை, ஏன்னா முருகனுக்காக நடந்தோம். அம்மாவுக்குச் சுகமில்லைன்னா மருந்துக்கடைக்கு நடக்கலாம், புள்ளையைக் கூப்பிடப் பள்ளிக்கூடத்துக்கு நடக்கலாம், புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோக நடக்கலாம். என் கால் தேஞ்ச தூரத்தைச் சேர்த்துப் போட்டா இமயமலை என்ன, அதுக்கு அந்தப் பக்கமே போயிருப்பேன்.

தாவரப் பூங்கா வாசலுக்குக் கொஞ்சம் முன்னாடி மூன் கேட் இருக்கு பாரு, வட்டமா ஓட்டை போட்ட வாசல், அதுக்குள்ள நுழைஞ்சா மலைப்பாதை. 1884ல சார்ல்ஸ் கர்ட்டிஸ்னு ஒரு வெள்ளைக்காரர் ஆரம்பிச்ச பூங்கா அது, பள்ளிக்கூடத்துல கூட்டிக்கிட்டுப் போய்க் குரங்குக்குக் கச்சான் போட விட்டாங்களே, இப்ப போட்டா அபராதம். நுழைஞ்சதும் படி, படி முடிஞ்சா வேர், வேர் முடிஞ்சா மறுபடி படி. கொஞ்ச நேரத்துலயே ரவிக்கை முதுகோட ஒட்டிப்போச்சு. மூச்சு வாங்கறது எனக்கே கேக்குது, நாய் ஏதாவது பின்னாடி வருதான்னு ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்த்தேன்.

அட்டையைப் பத்திச் சொல்லணுமே. ஒரு இடத்துல ஈர இலை மேல உக்காந்தேன், எழுந்து பார்த்தா கணுக்கால்ல ஒண்ணு. மெலிசா நூலாட்டம் வந்து ஒட்டியிருக்கும்போல, நான் பார்க்கறப்ப நல்லாக் குடிச்சு உருண்டு மினுமினுன்னு இருந்துச்சு. பொட்டலத்துல உப்பு கொண்டுபோயிருந்தேன், ஆனா பாரு, அதைப் போட மனசு வரலை. குடிச்சு முடிச்சதும் அதுவா விழுந்துச்சு. ரத்தம் ரொம்ப நேரம் நிக்கலை, கைக்குட்டையை நனைச்சுக் கட்டிக்கிட்டு நடந்தேன். கொசு கடிச்சாலே வீட்டையே கூட்டுவேனே, அன்னைக்குக் கத்தினா கேக்க ஆளில்லை, அதனால கத்தத் தோணவே இல்லை. நாம பாதி நேரம் வலியில கத்தறதில்லைடி, கேக்க ஆள் இருக்கேன்னுதான் கத்தறோம்.

அஞ்சாம் ஸ்டேஷன்ல தேத்தண்ணி கிடைக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன், நிஜமாவே கிடைச்சுது. ரயில் ஸ்டேஷன் இல்லை, மலையேறிகள் உக்கார ஒரு கொட்டகை. நம்ம வயசுச் சீனத் தாத்தாக்கள், கீழேயிருந்து ஏறி வந்து, கெட்டில்ல தண்ணி கொதிக்கவெச்சு, வர்றவங்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்தறாங்க, இஷ்டமிருந்தா உண்டியல்ல காசு போடலாம், இல்லாட்டி ஒண்ணும் கேக்கமாட்டாங்க. பால் இல்லாத தேத்தண்ணி, சீனி தூக்கல், வீட்டுல குடுத்தா மூஞ்சியைச் சுளிப்பேன், அங்க ரெண்டு கோப்பை குடிச்சேன். ஒரு தாத்தா சட்டையில்லாம வெறும் துண்டோட, என் கால்ல கட்டைப் பார்த்துட்டு ஏதோ தைலம் குடுத்தார், குடுத்துட்டு அவரும் கேட்டார், “சோராங் சாஜா?” ஆமாம்னேன். “பாகுஸ்”னு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டு கெட்டில் பக்கம் போயிட்டார். அன்னைக்கு நான் கேட்ட பதில்லயே அதுதான் உருப்படியான பதில்.

அங்க உக்காந்திருந்தப்ப எனக்கு எம்மா கேட்வுட் ஞாபகம் வந்துச்சு. உனக்குச் சொல்லியிருக்கேனா? அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துப் பாட்டி, பதினொரு புள்ளை பெத்தவ, புருஷன்கிட்ட அடியும் உதையும் வாங்கிக் கடைசியில விவாகரத்து வாங்கினவ. 1955ல, 67 வயசுல, புள்ளைங்ககிட்ட சும்மா நடந்துட்டு வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்பினா. எங்கன்னு சொல்லலை. அப்பலாச்சியன் மலைப்பாதை, ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர், ஜார்ஜியாவுலேருந்து மெயின் வரைக்கும், செப்டம்பர்ல கட்டாடின் மலையுச்சியில போய் நின்னா. கால்ல துணிச் சப்பாத்து, தோள்ல தானே தைச்ச ஒரு பை, மழைக்குக் குளியலறைத் திரை. அந்தப் பாதை முழுக்கத் தனியா ஒரே மூச்சுல நடந்த முதல் பொம்பளை அவதான். இதைப் படிச்சதும் எனக்கு முதல்ல தோணினது 3,300 கிலோமீட்டர் இல்லை. எங்க போறேன்னு சொல்லாமப் போனா பாரு, அதுதான். சொல்லியிருந்தா பதினொரு பேரும் வாசல்ல குறுக்கே படுத்திருப்பாங்க.

அஞ்சாம் ஸ்டேஷனுக்கு மேல காட்டுப்பாதையை விட்டு ஜீப் ரோட்டுல சேர்ந்துட்டேன். தார் ரோடுன்னு ஏமாந்துடாதே, அந்தச் செங்குத்துல சில வளைவுக்குப் பின்பக்கமா திரும்பித்தான் நடந்தேன், முட்டிக்கு அது சுகமா இருந்துச்சு, ஏறி வந்த பள்ளத்தையும் பார்த்துக்கிட்டே போகலாம். 2017 நவம்பர்ல அடிச்ச புயல் மழையில இந்த மலையில மண் சரிஞ்சது உனக்கு ஞாபகமிருக்கும், நீகூட சிங்கப்பூர்லேருந்து அழுதுக்கிட்டே போன் பண்ணினே. அந்த வடு இன்னும் அங்கங்க தெரியுது, புல்லு மூடியிருக்கு, ஆனா சரிஞ்ச இடம் சரிஞ்ச இடம்தான். ஜீப் வர்ற சத்தம் கேட்டா ஓரமா ஒதுங்கணும், கேஸ் தோம்பும் காய்கறி மூட்டையுமா ஒண்ணு போச்சு, ஓட்டினவன் நிறுத்தி ஏத்திக்கவான்னு கேட்டான். வேணாம்னதுக்கு அவனும் அதே கேள்வி.

கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் போட்ட கருப்புக் குரங்கு கூட்டத்தையும் பார்த்தேன். பூங்காவுல பையைப் பிடுங்குமே, அந்த ரௌடிக் குரங்கு இல்லை, இது பரம சாது, இலை தின்னும், மனுஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு தாய் மடியில குட்டி, தாய் கரிக்கட்டைக் கருப்பு, குட்டி மட்டும் பளீர்னு செவ்வந்தி நிறம். பக்கத்துல இன்னொரு பெரிசு கையை நீட்டுது, தாய் குட்டியைக் குடுத்துட்டு, எழுந்து, சோம்பல் முறிச்சுட்டு, அடுத்த கிளைக்குப் போய்த் தனியா உக்காந்து இலை தின்ன ஆரம்பிச்சுது. இத்தனைக்கும் எதுக்குப் போறேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. எனக்கு எழுந்து கை தட்டணும்போல இருந்துச்சு.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தப்ப மதியம் தாண்டிடுச்சு. அடேயப்பா, திருவிழாக் கூட்டம்டி அங்க! ரயில்ல வந்து இறங்கறவங்க கசங்காத சட்டையும் பவுடர் கலையாத மூஞ்சியுமா இருக்காங்க, நான் சேறும் சகதியுமா காட்டுலேருந்து வெளியே வர்றேன், ஒரு குழந்தை என்னைப் பார்த்து அம்மா முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்குச்சு. 1788லயே பிரான்சிஸ் லைட் இங்க ஸ்ட்ராபெரி போடப் பாதை வெட்டினாராம், அப்புறம் ரயில் வர்ற வரைக்கும் துரைகளும் துரைசானிகளும் நாற்காலியில உக்கார்ந்து, கூலியாளுங்க தோள்லயே ஏறி வந்தாங்க. 1923ல ரயில் ஓட ஆரம்பிச்சுது. தூக்கினவங்க எத்தனை தடவை ஏறியிருப்பாங்க, ஆனா யாராவது அவங்களை மலையேறினவங்கன்னு எழுதிவெச்சாங்களா? 1997 மே 23ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில ஏறின முதல் மலேசியர்கள் மகேந்திரனும் மோகன்தாஸும், ரெண்டும் நம்ம பசங்கன்னு அன்னைக்கு ஜெலுத்தோங்கே குதிச்சுதே, உன் வீட்டுக்காரர் எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் குடுத்தாரே. தோள் காய்ச்சுப்போன அந்தக் கூலியாளுங்களையும் அன்னைக்கு ஒரு நிமிஷம் நினைச்சிருக்கலாம்.

திருமுருகன் கோயிலுக்குப் போனேன், பக்கத்துலயே பள்ளிவாசல், ரெண்டு வாசல்லயும் செருப்பு கிடக்கு. கும்பிட்டுத் திரும்பறப்ப, கோலாலம்பூர்லேருந்து வந்த ஒரு அம்மா, பட்டுப்புடவை, கழுத்து நிறைய, என் கோலத்தைப் பார்த்துட்டு, “நடந்தா வந்தீங்க? தனியாவா?”ன்னாங்க. ஆமாம்மான்னேன். “நேர்த்திக்கடனா?” இல்லைங்கன்னேன். “பின்னே?” அந்த ‘பின்னே’வுக்கு என்ன பதில் சொல்றது வசந்தி? சும்மான்னேன். அவங்க புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையில எனக்கு மூளை கலங்கிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு தெரிஞ்சுது, ஆனாலும் போகும்போது கையில ரெண்டு வாழைப்பழத்தைத் திணிச்சுட்டுத்தான் போனாங்க. அதான் நம்ம சனம், பைத்தியம்னு நினைச்சாலும் பட்டினி போடாது.

கூட்டத்தை விட்டு வெஸ்டர்ன் ஹில் பக்கம் நடந்தேன். கொஞ்ச தூரம்தான், சத்தமெல்லாம் அடங்கிடுச்சு. பழைய பங்களாக்கள், பாசி பிடிச்ச மதில், குடை விரிச்ச பெரணி, ஜெலுத்தோங்ல இந்நேரம் வெந்துக்கிட்டிருப்போம், அங்க சால்வை கேக்குது. யுனெஸ்கோக்காரங்க 2021ல இதை உயிர்க்கோளக் காப்பகம்னு அறிவிச்சாங்களே, 12,481 ஹெக்டர்னு பேப்பர்ல படிச்சப்ப எண்ணாத்தான் தெரிஞ்சுது, அங்க நின்னு பார்த்தப்பதான் எவ்வளவு பச்சைன்னு புரிஞ்சுது. ரோட்டோரத்துல குடுவைச் செடி ஒண்ணு, மூடி திறந்து வெச்சு எறும்புக்குக் காத்துக்கிட்டிருக்கு. குனிஞ்சு எட்டிப் பார்த்தேன், அடியில கொஞ்சம் தண்ணி, அதுல ரெண்டு எறும்பு, ஒண்ணு இன்னும் சுவரைப் பிடிச்சு ஏறப்பார்க்குது, வழுக்குது, மறுபடி ஏறுது. குச்சி விட்டு அதைத் தூக்கி வெளியே விட்டேன். செடிக்குக் கோபம் வந்திருக்கும், வரட்டும்.

அங்கேயே ஒரு திட்டுல உக்காந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிச்சேன். நெத்திலி, சம்பால், பாதி முட்டை, வாழையிலை வாசம். ரெண்டு பொட்டலம் வாங்கினது பழக்கதோஷம், யாருக்காவது குடுக்க வேண்டியிருக்குமேன்னு கை தானா காட்டியிருக்கு. நாப்பது வருஷமா என் தட்டுக்கு முட்டை வர்றதுக்குள்ள அது யாராவது ஒரு புள்ளை தட்டுக்குப் போயிருக்கும், நானும் பிடிக்காதுன்னு சொல்லிச் சொல்லி, வீட்டுல எல்லாரும் எனக்கு முட்டை பிடிக்காதுன்னே நம்பிட்டாங்க. ரெண்டு பொட்டலத்தையும் நானே சாப்பிட்டேன். ரெண்டு பாதி முட்டையையும். மூடி வெச்சுக் கொண்டுபோக ஒரு ஆள் ஞாபகம்கூட வரலைன்னா பார்த்துக்கோ.

அப்பதான் யோசிச்சேன். கயிலாயத்துக்குப் போன நம்ம ஆளுங்க மூணு பேர் கதை நமக்குத் தெரியும். அப்பர் சுவாமி நடந்து, கால் தேஞ்சு, தவழ்ந்து, உருண்டு, கடைசியில போகமுடியாம ஒரு குளத்துல முங்கித் திருவையாத்துல எழுந்தார். காரைக்கால் அம்மையார் கால் படக்கூடாதுன்னு தலையாலயே நடந்து ஏறினா, அந்த ஈசனே அவளை அம்மான்னு கூப்பிட்டார். ஔவையாரைப் பிள்ளையார் தும்பிக்கையால தூக்கிக் கொண்டுபோய் வெச்சுட்டார். இதுல பொம்பளைங்க ரெண்டு பேரையும் பாரு. அம்மையார் புனிதவதிங்கிற அழகான சின்னப்பொண்ணா இருந்தவரைக்கும் அடுப்படியும் மாம்பழமும் புருஷனும்தான். புருஷன் விட்டுட்டுப் போனப்புறம், இந்த உடம்பே வேணாம், பேய் உருவம் குடுன்னு கேட்டு வாங்கினதுக்கு அப்புறம்தான் அவளால தனியா நடக்க முடிஞ்சுது. ஔவையும் அப்படித்தானே, இளமையைக் குடுத்துட்டுக் கிழவி உருவம் வாங்கிக்கிட்டப்புறம்தான் ஊர் ஊராச் சுத்தினா. அந்த அமெரிக்கக் கேட்வுட்டும் கிழவியானப்புறம்தான் கிளம்பினா. பேயாகணும், இல்லாட்டி கிழவியாகணும், அப்பதான் பாதை திறக்கும்போல. உனக்கும் எனக்கும் என்ன குறைச்சல்? கிழவி ஆயாச்சு, பேய்ன்னு மருமகளுங்க எப்பவோ முடிவு பண்ணியாச்சு.

விளையாட்டா சொல்றேனே தவிர, மனசுக்குள்ள கோபமும் இருக்குடி. அகத்தியர் பொதிகை மலை, கேரளாப் பக்கம் அகத்தியர்கூடம், 1,868 மீட்டர், அதுல பொம்பளை ஏறக்கூடாதுன்னு வெச்சிருந்தாங்க. 2018 நவம்பர்ல ஹைகோர்ட்டு தீர்ப்பு வந்து, 2019 ஜனவரியில தன்யா சனல்னு ஒரு பொண்ணு அந்தத் தீர்ப்புக்கப்புறம் முதல் ஆளா ஏறினா. நம்ம கொடிமலைக்குக் கோர்ட்டு தடை எதுவும் இல்லை. எந்த வாசல்லயும் பொம்பளை தனியா வரக்கூடாதுன்னு எழுதிப் போடலை. இருந்தும் நான் ஏற இத்தனை காலம் ஆச்சே. எழுதிப்போட்ட தடையை உடைக்க வக்கீல் வெச்சுக்கலாம், நம்ம ஜெலுத்தோங்ல 1978லேருந்து 1999 வரைக்கும் கர்ப்பால் சிங் மாதிரி புலியே எம்.பி.யா இருந்தார், வாதாடியிருப்பார். எழுதாத தடைக்கு எந்தப் புலிகிட்டப் போறது? அது ‘தனியாவா?’ங்கிற ஒரே கேள்வியாத்தான் இருக்கு. கேக்கறவங்க யாரும் கெட்டவங்க இல்லை, அந்த அங்கிள், ஜீப்காரன், பட்டுப்புடவை அம்மா, எல்லாரும் அக்கறையாத்தான் கேட்டாங்க. அந்த அக்கறைக்குப் பயந்துக்கிட்டே காலம் போயிடுச்சு.

தனியா இருந்தா பயமா இல்லையா, போரடிக்கலையான்னு கேப்பே. முதல்ல ஒரு மணி நேரம் வீட்டையே நினைச்சுக்கிட்டு நடந்தேன், அரிசி ஊறப்போட்டேனா, மோட்டார் சுவிட்சை அணைச்சேனான்னு. அப்புறம் ஒவ்வொண்ணாக் கழண்டுக்கிச்சு. பேசறதுக்கு ஆளில்லைன்னதும் மனசு கொஞ்ச நேரம் தானே பேசிப் பார்த்துச்சு, செத்துப்போன எங்க வீட்டுக்காரர்கிட்டகூட ரெண்டு சண்டை போட்டேன், ஒண்ணுல நான்தான் ஜெயிச்சேன். அப்புறம் அதுவும் அடங்கி, அடுத்த படி, அடுத்த வேர், அடுத்த வளைவு, அவ்வளவுதான். வீட்டுல ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் ஒரு தனிமை வருமே, நெஞ்சை அழுத்துமே, அது வேற, இது வேறடி. அங்க நான் தனியா இருந்தேன், ஆனா எனக்கு நானே துணையா இருந்தேன்.

இறங்க முட்டி ஒத்துழைக்கலை. நடந்தே இறங்கி ஆயர் ஈத்தாம் அணைப் பக்கம் போகணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு, ஆனா அப்பர் சுவாமியாட்டம் உருள்ற நிலைமை வந்துடும்னு தெரிஞ்சு, ஔவை வழியே போதும்னு ரயிலுக்கு வரிசையில நின்னேன். பிள்ளையார் தும்பிக்கையாட்டம் அலுங்காமக் குலுங்காம கீழே கொண்டுவந்து விட்டுடுச்சு. அறுபது தாண்டினவங்களுக்கு டிக்கெட்டு விலை குறைவு, அந்த ஒரு விஷயத்துல வயசு சந்தோஷம். நாம சின்னதுல போன சிவப்புப் பெட்டி ஞாபகமிருக்கா, பாதியில இறங்கி வேற பெட்டி மாறணுமே, நீ மாறும்போது சிலிப்பரை விட்டுட்டு அழுதியே? இப்ப மாறவேண்டியதில்லை, 2011லேருந்து ஒரே பெட்டி அடியிலேருந்து நுனிவரைக்கும். காலையிலேருந்து நான் ஏறினதைச் சில நிமிஷத்துல இறக்கிட்டான், எனக்குக் கொஞ்சம் அவமானமாக்கூட இருந்துச்சு.

204ஆம் நம்பர் பஸ்ல ஏறி ஆயர் ஈத்தாம் நெரிசல்ல ஒரு தூக்கம் போட்டு, வீட்டுக்கு வந்தா, மகன் வாசல்ல நிக்கிறான். “ஏம்மா, நம்ம பசாரை எப்போ கொடிமலைக்கு மாத்தினாங்க?” அந்தப் புள்ளி எல்லாத்தையும் காட்டிக்குடுத்திருக்கு. ஒரு மணி நேரம் பிரசங்கம்: விழுந்திருந்தா, மயக்கம் வந்திருந்தா, பாம்பு கடிச்சிருந்தா. கேட்டுக்கிட்டேன், அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அடுத்த தடவை சொல்லிட்டுத்தான் போவேன்னு சத்தியம் பண்ணினேன். கேட்டுட்டுப் போவேன்னு சொல்லலை, கவனிச்சியா? மருமக ஒண்ணும் பேசலை, வெந்நீர் வெச்சுக் குடுத்துட்டு, ராத்திரி தட்டுல முழு முட்டை வெச்சா. அவ எப்படிக் கண்டுபிடிச்சாளோ, அந்தப் போன்ல முட்டையும் தெரியுமோ என்னவோ.

நீ பள்ளிக்கூட விடுமுறைக்குப் பேத்தியைக் கூட்டிக்கிட்டு வர்றேன்னியே, கண்டிப்பா வா, சப்பாத்து ஒண்ணு நல்லதா வாங்கிக்கோ, உங்க ஊர்ல மலிவு விற்பனை போடுவாங்களே. கொடிமலைக்குப் போவோம். ஆனா சேர்ந்து ஏற வேணாம். நீ ஆயர் ஈத்தாம் பக்கத்துப் படிவழியா ஏறு, நான் மூன் கேட் வழியா ஏறறேன். கேக்கறவங்களுக்கெல்லாம் ஆமாம், தனியாத்தான்னு பதில் சொல்லிக்கிட்டே வா. மேல முருகன் கோயில் வாசல்ல சந்திப்போம், முதல்ல வந்து சேர்றவ மத்தவளுக்கு ஐஸ் காச்சாங் வாங்கித் தரணும். பேத்தியை என் மருமகளோட ரயில்ல அனுப்பிடலாம்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள கிழப்பேய்,
சரசு

பின்குறிப்பு: போன தடவை நீ எடுத்துக்கிட்டுப் போன என் இட்டிலித் துணியை மறக்காமக் கொண்டு வா. இங்க கிடைக்கிறது எல்லாம் ஒட்டுது.